இணைய வானொலியை வன்னிக்கு ஏற்ற எடையில் தாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் இப்போது வானொலி கேட்க ஆளில்லை என்று பலர் சொல்கிறார்கள். திருத்தக் கடைகளின் மேசையில் வேறு கதை தெரிகிறது. திருத்த வரும் வானொலிப் பெட்டிகள் குறைந்துவிட்டன, உண்மைதான். ஆனால் "றேடியோ பாதியிலை நிக்குது" என்று போனைக் கொண்டு வருகிறவர்கள் கிழமைக்குக் கிழமை கூடுகிறார்கள். சனம் கேட்க விரும்புகிறது. கிடைப்பதுதான் விட்டு விட்டுக் கிடைக்கிறது. இதற்குச் சிக்னலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிலையங்கள் அனுப்பும் ஒலிபரப்பின் எடையும், அதாவது அது நொடிக்கு நொடி எடுக்கும் டேற்றாவின் அளவும், ஒரு காரணம். ஆகவே தமிழ் வானொலி நிலையங்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கையை வைக்கிறோம். உங்கள் நேரலையோடு சேர்த்து, ஒலி மட்டும் வரக்கூடிய, நொடிக்கு 32 கிலோபிற் அளவிலான ஒரு தனி இணைப்பையும் திறந்து வையுங்கள்.

சிற்றலையின் காலம் எங்கள் கண்முன்னே முடிந்தது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30உடன் வானொலிச் சேவையை நிறுத்தியது. பிலிப்பைன்சில் இருந்து ஒலித்த வெரித்தாஸ் தமிழ்ப்பணி 2018 நடுப்பகுதியில் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லில் டைனமோவை முட்டவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற அயலெல்லாம் கூடியிருந்து செய்தி கேட்ட மண் இது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்த நாட்களில் 6 வோல்ற் டைனமோவும் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போதுமாக இருந்தன. இன்று அதே நிகழ்ச்சியைக் கேட்க ஒரு போன், ஒரு றூட்டர், கரண்ட், டேற்றா, இயங்கும் தொலைபேசிக் கோபுரம் என்று ஐந்தும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும்.

டேற்றாவை முதலில் பார்ப்போம். கணக்கு எளிது. நொடிக்கு 128 கிலோபிற் வேகத்தில் வரும் ஒலிபரப்பு ஒரு மணித்தியாலத்துக்கு 57.6 மெகாபைற் எடுக்கும். 64 என்றால் 28.8, 32 என்றால் 14.4. இணையம் டேற்றாவைத் துண்டு துண்டாக அனுப்பும் மேற்செலவுக்கு இதோடு நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டிக்கொள்ளலாம். நாளுக்கு 3 மணித்தியாலம் கேட்கும் வீட்டில் மாதம் 90 மணித்தியாலம் ஆகிறது. 128இல் அது 5 ஜிகாபைற்றைத் தாண்டும், 32இல் 1.3 ஜிகாபைற்றோடு முடிந்துவிடும். இப்போது அநேக நிலையங்கள் செய்வதுபோல, கலையகத்தில் அறிவிப்பாளர் இருந்து பேசுவதை வீடியோவாகப் பேஸ்புக்கிலோ யூரியூப்பிலோ விட்டால், 360 புள்ளித் தரத்திலேயே மணித்தியாலத்துக்கு 300 மெகாபைற் அளவில் போகும். மாதம் 27 ஜிகாபைற். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் ஒன்றுக்கு இது கட்டுப்படியாகுமா?

அப்படியானால் சனம் ஏன் வீடியோவில் கேட்கிறது? றீலோட் பொதிகளைப் பார்த்தால் விளங்கும். பேஸ்புக், யூரியூப், வட்ஸ்அப் ஆகியவற்றுக்கென்று தனிப் பொதிகள் விற்கப்படுகின்றன. அந்தப் பொதி போட்டவருக்கு பேஸ்புக்கில் வரும் 300 மெகாபைற் வீடியோ பொதிக்குள் அடங்கும். நிலையத்தின் சொந்தச் செயலியில் வரும் 15 மெகாபைற் ஒலி பொதிக்கு வெளியே காசாக வெட்டும். "அப்பிலை கேட்டால் காசு போகுது, பேஸ்புக்கிலை போகேல்லை" என்று முறையிடுகிறவர்களின் போனில் பழுது ஒன்றும் இல்லை, பொதியின் அமைப்பு அப்படி. ஆனால் கோபுரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. இருபது வீட்டில் வீடியோ ஓடினால் அத்தனை பாரமும் அந்த ஒரு கோபுரத்தின் தலையில்தான்.

32 கிலோபிற்றில் குரல் கெட்டுப்போகும் என்று நிலையத்தார் சொல்லக்கூடும். எம்.பி.3 முறையில் அனுப்பினால் கெடும்தான், தகரப் பேணிக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கும். ஆனால் ஒலியை இன்னும் நன்றாகச் சுருக்கும் ஏ.ஏ.சி. பிளஸ் முறையில், குறிப்பாகச் செய்தி, நேர்காணல், நாடகம் போன்ற பேச்சு நிகழ்ச்சிகளை அனுப்பினால் 32 தாராளமாகப் போதும். பாட்டு மட்டும் சற்று மங்கும். நிலையத்துக்கும் இதில் இலாபம் உண்டு. ஒரே நேரத்தில் 500 பேருக்கு 128இல் அனுப்ப நொடிக்கு 64 மெகாபிற் வேண்டும். 32இல் 16 மெகாபிற் போதும். தேர்தல் முடிவு வரும் இரவில், புயல் இரவில், கேட்போர் ஒரேயடியாகக் கூடும்போது சேர்வர் நிரம்பி இணைப்பு மறுக்கப்படுவது இந்த வேறுபாட்டால்தான். இன்னொன்று: அந்த இணைப்பின் நேரடி முகவரியை வெளிப்படையாகத் தாருங்கள். செயலிக்குள் ஒளித்து வைத்தால் பழைய போன்காரரும் தனி இணைய வானொலிப் பெட்டி வைத்திருப்பவரும் கேட்க முடியாது. நேரடி முகவரி இருந்தால் வி.எல்.சி. போன்ற இலவச பிளேயரில் ஒருதரம் ஒட்டிவிட்டாலே போதும், விளம்பரமும் இல்லை, வீடியோவும் இல்லை. தனிப் பெட்டி வாங்குகிறவர்களுக்கும் இது முக்கியம். றெசிவா என்ற நிலையப் பட்டியல் சேவை 2021இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பெட்டிகளில் நிலையப் பட்டியலே இல்லாமல் போனது. ஆகையால் முகவரியைக் கையால் பதிய இடம் தரும் பெட்டியைத்தான் வாங்க வேண்டும்.

இனி கேட்பவர் பக்கம். ஒலி நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகப் பாடி, திரை அணைந்த பிறகு நின்றால் அது சிக்னல் பிழையல்ல. பற்றரியை மிச்சம் பிடிக்க போனே செயலியைக் கொன்றுவிடுகிறது. செற்றிங்சில் 'அப்ஸ்' பகுதிக்குப் போய், வானொலிச் செயலியைத் தெரிவுசெய்து, 'பற்றரி' என்பதைத் தொட்டு, 'அன்றெஸ்றிக்ரெட்' என்று மாற்றிவிட்டால் சரி. பழைய போன் ஒன்றை வீட்டு வானொலியாக வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை: இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சொல்லித் திறக்காது. முதலில் திகதியைப் பாருங்கள். பற்றரி முற்றாக இறங்கிய பழைய போன் சிலவேளை பல ஆண்டு பின்னுக்குப் போய் நிற்கும். திகதி சரியாக இருந்தும் திறக்கவில்லை, போன் அன்ட்ரொயிட் 7.1க்கு முந்தியது என்றால், அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும். பயர்பொக்ஸ் உலாவி தன் சான்றிதழ்களைத் தானே வைத்திருப்பதால் அதற்குள் பெரும்பாலும் திறக்கும்.

விட்டு விட்டுப் பாடினால் சிக்னலை எண்ணால் பாருங்கள், கோடுகளை நம்ப வேண்டாம். அநேக போன்களில் 'எபவுட் போன்' என்பதற்குள் 'சிம் ஸ்ரேற்றஸ்' என்ற இடத்தில் அந்த எண் இருக்கும். கழித்தல் 85 என்றால் நல்லது. கழித்தல் 105இல் தடுமாறும். கழித்தல் 115ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் அறுந்து அறுந்துதான் வரும். துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காடு சூழ்ந்த வீடுகளில் மாரி தொடங்கியதும் சிக்னல் இறங்குவது மனப்பிரமை அல்ல. நனைந்த இலை அலையைக் குடிக்கிறது; அதிர்வெண் கூடக் கூட அதிகமாகக் குடிக்கிறது. 2300 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் ஓடும் வீட்டு றூட்டர் திணறும் இடத்தில் 900இல் நிற்கும் சாதாரண போன் தாங்குவது அதனால்தான். கூரைக்கு மேலே அன்ரனா வைப்பவர்கள் செய்யும் பெரிய பிழை வயரில் இருக்கிறது. ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய வயர் இந்த அதிர்வெண்களில் மீற்றருக்கு 0.5 முதல் 1 டெசிபெல் வரை தின்னும். 10 மீற்றர் இழுத்தால் 5 முதல் 10 டெசிபெல், அதாவது வந்ததில் மூன்றில் ஒரு பங்கோ, இன்னும் மோசமானால் பத்தில் ஒரு பங்கோதான் றூட்டரைச் சேரும். ஆயிரக்கணக்கில் செலவழித்து அன்ரனா பூட்டியும் பலனில்லை என்று ஏமாறுவது இங்கேதான். றூட்டரையே மழை படாத உயரத்தில், கோபுரத்தைப் பார்த்த யன்னலோரம் வைத்து, வீட்டுக்குள் வைஃபையில் எடுப்பது மலிவும் நல்லதும்.

எண் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு நிற்கிறது என்றால் கோபுரத்தில் நெரிசல். அதே இடத்தில் விடிய 5 மணிக்குக் கேட்டுப் பாருங்கள். தடையின்றிப் பாடினால் அன்ரனாவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். இதற்கு மருந்து மெலிந்த ஒலிபரப்பு, அல்லது நிகழ்ச்சியை இறக்கி வைத்துக் கேட்பது. பல பொதிகளில் நள்ளிரவு முதல் காலை வரை தனி டேற்றா தருகிறார்கள், அது பாவிக்கப்படாமலே கழிகிறது. நிலையங்கள் விவசாய நிகழ்ச்சி, நாடகம், உரைகளை ஒலிக் கோப்பாகப் போட்டு வைத்தால், இரவில் இறக்கி மறுநாள் வயலில் கேட்கலாம். அரை மணி நேர நிகழ்ச்சி 32இல் 7 மெகாபைற்தான். காலபோகத்தில் களையெடுக்கும் கைக்கு வானொலியைப் போல நல்ல துணை வேறு இல்லை.

போன் ஸ்பீக்கரில் கேட்பது காதுக்கு இன்பமில்லை. வீட்டில் நல்ல மரப்பெட்டி வானொலியோ பழைய கசற் செற்றோ இருந்தால் அதை எறியாதீர்கள். அதன் ஸ்பீக்கருக்கு நிகரானது இன்று கடையில் அந்த விலைக்கு இல்லை. போனை அதில் இணைக்க ஒரு சின்ன வேலை போதும். வொலியூம் கொன்ட்ரோலுக்கு மூன்று கால்கள் இருக்கும். ஓரத்துக் கால் ஒன்று பற்றரியின் எதிர்முனையோடு நேரே தொடர்பு காட்டும் (மிகப் பழைய சில செற்றுகளில் நேர்முனையோடு), அது நிலம். நடுக்கால் அம்பிளிபயருக்குப் போவது. மற்ற ஓரத்துக் காலுக்கு வரும் வயரைக் கழற்றி, இருவழிச் சுவிற்ச் ஒன்றின் ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள். சுவிற்சின் நடுவை அந்தக் காலுக்குக் கொடுங்கள். மறுபக்கம் போனுக்கு. போனின் இடது, வலது வயர்கள் இரண்டையும் நேரே முறுக்கிச் சேர்க்கக் கூடாது, போனின் உள் அம்பிளிபயர்கள் ஒன்றையொன்று இழுக்கும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் றெசிஸ்ரர் போட்டுச் சேர்த்து, 1 மைக்ரோபராட் கப்பாசிற்றர் ஊடாகச் சுவிற்சுக்குக் கொடுங்கள். வயர் மூடு கம்பியுள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இரைச்சல் ஏறும்; அந்த மூடு கம்பியால் போனின் நிலத்தை வொலியூம் கொன்ட்ரோலின் நிலக் காலோடு சேருங்கள். போனின் ஒலியை முக்கால்வாசிக்கு மேலே ஏற்றினால் கரகரக்கும். போனைச் சார்ஜில் போட்டபடி கேட்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் அது சார்ஜரின் வேலை. கேட்கும் நேரம் கழற்றி விடுங்கள். ஒரேயொரு எச்சரிக்கை: ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே மின்சாரத்தில் ஓடும் பழைய வால்வு செற்றுகளில் இதைச் செய்யவே கூடாது. சட்டகத்திலேயே மின்சாரம் நிற்கும், போனைத் தொட்ட கைக்கு உயிராபத்து. வொலியூமைப் பொத்தானால் கூட்டிக் குறைக்கும் புதிய செற்றுகளுக்கும் இந்த முறை பொருந்தாது.

சின்ன எப்.எம். அனுப்பியை வாங்கி, இணையத்தில் வருவதை ஊருக்கே பரப்பலாம் என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம்; செய்ய வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பண்பலையைக் கைவிடலாம் என்ற எண்ணம் நிலையத்தாருக்கு வந்துவிடக் கூடாது. நோர்வே 2017இல் தேசிய நிலையங்களின் பண்பலையை மூடியது, சுவிற்சர்லாந்தின் பொதுச்சேவை வானொலி 2024 டிசம்பர் 31உடன் மூடியது என்று அங்குள்ள உறவுகள் சொல்வார்கள். அங்கே அதற்குப் பதிலாக டி.ஏ.பி. எனும் இலக்க வானொலி நாடு முழுதும் நிறுவப்பட்ட பிறகே மூடினார்கள். எங்களிடம் அந்த மாற்று இல்லை. எங்களிடம் இருப்பது கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம். போரில் அழிந்த இடத்தில் மீண்டும் எழுப்பி 2011இல் திறக்கப்பட்ட அது 174 மீற்றர் உயரம். உச்சியில் இருந்து கணக்கிட்டால், 4 மீற்றர் உயரக் கூரை அன்ரனாவுக்கு ஏறத்தாழ 62 கிலோமீற்றர் தூரம் வரை நேர்ப்பார்வை கிட்டும். முல்லைத்தீவு நகரம் அந்த எல்லைக்குள் வசதியாக வருகிறது, மன்னார் நகரம் அதன் விளிம்பில் நிற்கிறது. வன்னியின் தட்டை நிலம் பண்பலைக்கு ஒரு கொடை. விளிம்பில் இருப்பவர்கள் 71 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு அலுமினியக் குழாய்களை ஒரு கோட்டில், நடுவில் விரலளவு இடைவெளி விட்டுப் பலகையில் பூட்டி, ரீ.வி. அன்ரனா வயரின் உள்கம்பியை ஒன்றுக்கும் வெளிக்கம்பியை மற்றதுக்கும் கொடுத்துக் கூரையில் ஏற்றினால், இரைச்சலோடு வந்த நிலையம் தெளியும்.

போன் வாங்கும்போதும் எப்.எம். இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எப்.எம். உள்ள போனில் இயர்போன் வயர்தான் அன்ரனா. 100 மெகாஹேர்ட்சின் காற்பங்கு அலைநீளம் 75 சென்ரிமீற்றர், இயர்போன் வயர் அந்த வேலைக்குப் போதிய நீளமானது. இயர்போன் துவாரம் இல்லாத புதிய போன்களில் பெரும்பாலும் எப்.எம். இல்லை. புளூரூத் இயர்போன் அன்ரனாவாக வேலை செய்யாது.

மத்திய அலைக்கும் ஒரு சொல். 936 கிலோஹேர்ட்சில் திருச்சி வானொலியைக் கேட்டுப் பழகிய முதியவர்கள் "இப்ப ஒரே இரைச்சல்" என்கிறார்கள். பற்றரியில் செற்றை ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிற்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மலிவான எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், சோலர் கொன்ட்ரோலர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

புயலும் வெள்ளமும் வரும் நாட்களில்தான் இணையத்துக்கும் பண்பலைக்கும் உள்ள வேறுபாடு உயிரோடு விளையாடுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோதும், 2020 டிசம்பரில் புரேவிப் புயல் கரையேறியபோதும் நேரத்தோடு வரும் அறிவித்தல்தான் தேவையாக இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே விழுந்தன. கோபுரத்தின் பற்றரி சில மணித்தியாலத்துக்குத்தான். வீட்டில் 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி வைத்து 6 வாற் றூட்டரை ஓட்டினால், பற்றரி கெடாமல் பாதிவரை இறக்கினால் 7 மணித்தியாலம் நிற்கும். கோபுரம் நின்றால் அதுவும் வீண். இரண்டு பெரிய பற்றரி போட்ட சின்ன எப்.எம். செற்றோ, நாளுக்கு 3 மணித்தியாலம் கேட்டாலும் இரண்டு மூன்று கிழமை பாடும். இணையத்தில் வருவது தாமதித்தும் வரும்: நேரடி இணைப்பில் 10 முதல் 20 நொடி, வீடியோவில் அரை நிமிடத்துக்கும் மேலே. பண்பலையில் அந்தத் தாமதம் இல்லை.

கடைசியாக, ஆசிரியரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும் பக்கத்தில், கிழமைக்கு ஒருமுறை, ஒவ்வொரு தமிழ் நிலையமும் வன்னியில் கேட்கும் பண்பலை எண்ணையும், அதன் கீழே இணையத்தின் நேரடி முகவரியையும், அது எத்தனை கிலோபிற் என்பதையும் அச்சிடுங்கள். முகவரி பெரிய எழுத்தில், ஒரே வரியில் இருக்கட்டும். கடைக்கு வருகிறவர்கள் அந்தத் துண்டை வெட்டிக் கொண்டு வந்தால் போனில் பதிந்து கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
வானொலி, கைத்தொலைபேசி திருத்துநர்கள் சிலர்,
கிளிநொச்சி.